நாங்களே வந்து சொல்வோம்

போன மாதம் எங்கள் பல் மருத்துவமனையிலிருந்து போன் வந்தது. எங்கள் என்று எழுதுவது பழக்க தோஷம். நான் அங்கிருந்து ஓய்வு பெற்று ஒன்றரை வருஷம் ஆகிறது. எனக்குப் பிறகு வரவேற்பு மேசைக்கு வந்திருக்கும் தீபா பேசினாள்.

"சார், நம்ம வெப்சைட்ட மாத்தறோம். ஜனங்க விவரத்தப் பத்திரமா வச்சிக்கணும்னு புதுசா சட்டம் வந்துக்கீதே, அதுக்காக வக்கீல் ஒருத்தர் நாலு பக்கம் எழுதிக் குடுத்துக்கீறாரு. பழைய பக்கத்துல நீங்க எழுதினது ஒரு வரி கீது சார். 'எங்களிடம் தவறு நடந்தால், பிறர் சொல்லி நீங்கள் அறியும் முன் நாங்களே வந்து சொல்வோம்'னு. அத எடுத்துடலாம்ன்றாரு வக்கீலு. நாமளே தப்பு பண்ணுவோம்னு ஒத்துக்கற மாதிரி கீதாம். எடுத்துடட்டா?"

"எடுக்காதம்மா. ஏன்னு எழுதி அனுப்பறேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். நாலு வரியில் எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். முடியவில்லை. அந்த ஒரு வரிக்குப் பின்னால் ஒரு பெண்ணின் வேலையும், என்னுடைய முட்டாள்தனமும், ஒரு நல்ல டாக்டரின் குணமும் இருக்கின்றன. மூன்றையும் சொல்லாமல் அந்த வரியைக் காப்பாற்ற முடியாது.

நான் பல் வைத்தியம் படித்தவனில்லை. ஒரகடத்துப் பக்கம் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் இருபத்திரண்டு வருஷம் ஸ்டோர் கீப்பராக இருந்தேன். அந்தப் பிரிவை வேறு ஊருக்கு மாற்றியபோது விருப்ப ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். வீட்டில் சும்மா உட்கார்ந்து மனைவியின் சமையலறை டப்பாக்களுக்கெல்லாம் லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தேன். "இந்த மனுஷன எங்கனா வேலைக்கு அனுப்புங்களேன்" என்று அவள் தெருவெல்லாம் சொல்லிவைத்தாள். அப்படித்தான் டாக்டர் ஹேமாவிடம் போய்ச் சேர்ந்தேன். அவர் என்னைவிடப் பதினாலு வயது இளையவர். கூட்டுரோட்டுக்குப் பக்கத்தில், மருந்துக்கடைக்கு மேல் மாடியில், ஒரே ஒரு சிகிச்சை நாற்காலியோடு கிளினிக் தொடங்கியிருந்தார்.

பயிற்சி என்று பெரிதாக ஒன்றுமில்லை. இரண்டு வாரத்தில் கற்றுக்கொண்டேன். ஒவ்வொரு பல்லுக்கும் ஓர் எண் உண்டு, முப்பத்தாறு என்றால் கீழ்த்தாடையில் இடப்பக்கத்து முதல் கடைவாய்ப்பல் என்று டாக்டர் சொன்னபோது எனக்கு ஒரே சந்தோஷம். ஸ்டோரில் ரேக்குக்கு எண் போடுவதும் இதே கணக்குத்தானே. வாய் என்பது முப்பத்திரண்டு இடம் உள்ள ஒரு சின்ன ஸ்டோர் என்று நினைத்துக்கொண்டு வேலையை ஆரம்பித்தேன்.

எங்களிடம் வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் கம்பெனிகளில் வேலை செய்யும் பிள்ளைகள். தெற்கத்திப் பக்கத்திலிருந்து வந்து, ஒரு ரூமில் ஆறு பேர், எட்டுப் பேர் என்று தங்கி இருப்பவர்கள். முதல் ஷிப்ட் முடிந்ததும் ஒரு கூட்டம் வரும். ஞாயிற்றுக்கிழமை என்றால் மாடிப்படி வரைக்கும் நிற்பார்கள். சிங்கப்பெருமாள் கோவிலில் ரயிலை விட்டு இறங்கி ஷேர் ஆட்டோவில் வருகிறவர்களும் உண்டு.

முதல் நாளே ஒரு பாடம் கிடைத்தது. "பல்லு புடுங்க வந்த முருகேசன் யாருப்பா?" என்று ஸ்டோரில் கூப்பிடுகிற குரலில் கூப்பிட்டேன். எட்டுப் பேர் திரும்பி முருகேசனின் வாயைப் பார்த்தார்கள். டாக்டர் கையுறையைக் கழற்றினார், கை கழுவினார், துடைத்துக்கொண்டார். "கோதண்டம் சார், ஒரு நிமிஷம் உள்ள வாங்க" என்றார். கதவைச் சாத்திய பிறகுதான் பேசினார்.

"டோக்கன் நம்பர் மட்டும் கூப்பிடுங்க சார். யாரு, எதுக்கு வந்தாங்கன்றது அவங்களுக்கும் நமக்கும் மட்டும்."

அத்தனை வருஷத்தில் அவர் ஒரு தடவைகூட மற்றவர் முன்னால் என்னைக் கடிந்துகொண்டதில்லை. கை கழுவிய பிறகுதான் கண்டிப்பார். எவ்வளவு நேரம் கை கழுவுகிறார் என்பதை வைத்தே, எனக்கு எவ்வளவு விழப்போகிறது என்று தெரிந்துகொள்வேன்.

போனுக்கும் ஒரு சட்டம் வைத்திருந்தார். இன்னார் எங்களிடம் வந்தாரா, என்ன வைத்தியம் நடந்தது என்று வேறு யார் கேட்டாலும் ஒரே பதில்: "நாங்க யாரப் பத்தியும் யாருக்கும் சொல்றதில்லைங்க." வந்தார் என்றும் சொல்லக்கூடாது, வரவில்லை என்றும் சொல்லக்கூடாது. கம்பெனிகளிலிருந்து லீவ் சரிபார்க்க போன் வரும். "அந்தப் பையன் மெய்யாலுமே பல்லு புடுங்கினானா, இல்ல டூப்பு வுடறானா?" என்பார்கள். அதே பதில்தான். ஒருநாள் பிள்ளைப்பாக்கத்திலிருந்து ஓர் அம்மா பேசினார். "எங்க வூட்டுக்காரரு அங்க வந்து முன்னாடி பல்லு கட்டிக்கினாரா? சிரிப்பே வேற மாதிரி கீது. யாருக்காகக் கட்டிக்கினாருன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்" என்று ஒரே ரகளை. பல் கட்டிக்கொண்ட அந்த மனிதர் என் எதிர் நாற்காலியில்தான் உட்கார்ந்து, இரண்டு கையாலும் கும்பிட்டுக்கொண்டிருந்தார். நானும் மனப்பாடம் செய்ததை ஒப்பித்து போனை வைத்தேன். சிரிப்பை அடக்குவதுதான் பெரும்பாடாகிவிட்டது.

இத்தனை சட்டமும் தெரிந்திருந்துதான் நான் அந்தத் தவறைச் செய்தேன்.

நோயாளிக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயக் கோளாறு, ஒத்துக்கொள்ளாத மருந்து என்று ஏதாவது இருந்தால் ஊசி போடும் முன் டாக்டருக்குத் தெரிந்தாக வேண்டும். அதைக் கோப்புக்கு உள்ளே முதல் பக்கத்தில் எழுதச் சொல்லியிருந்தார். எனக்கு அது சரிப்படவில்லை. கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் எனக்குச் சொல்லிக் கொடுத்தது வேறு. எந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று பத்தடி தூரத்திலிருந்தே தெரிய வேண்டும், ஆபத்து என்றால் சிவப்பில் இருக்க வேண்டும், தேடுகிற நேரம் வீண் நேரம். நெரிசலான ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோப்பைத் திறந்து தேடும் நேரத்தை மிச்சம் பிடிக்கலாமே என்று அட்டையின் மேலேயே சிவப்பு மையில் பெரிதாக எழுத ஆரம்பித்தேன். சுகர். பிபி. பென்சிலின் ஆகாது. அதைச் செய்துவிட்டு எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன். டாக்டரின் கைக்குப் போகும்போது கோப்பைத் திறந்து மடித்துத்தான் கொடுப்பேன், அதனால் அவர் அட்டையைப் பார்த்ததில்லை. அன்றைய கோப்புகள் என் மேசையில் அடுக்காக இருக்கும். மேசைக்கு அந்தப் பக்கம் காத்திருப்பவர்களின் நாற்காலிகள்.

அந்த அடுக்கில் ஒருநாள் முத்துச்செல்வியின் கோப்பும் இருந்தது.

முத்துச்செல்வி சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். இருபத்தி மூன்று வயதிருக்கும். மின்னணு பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் லைனில் வேலை. ஈறெல்லாம் வீங்கிப் பல்லைப் பாதி மூடியிருக்கிறது என்று வந்தாள். கையால் வாயைப் பொத்திக்கொண்டுதான் பேசுவாள். டாக்டர் பார்த்தார். உதவிக்கு இருந்த பெண்ணை வெளியே அனுப்பிவிட்டு, "என்ன மாத்திரை சாப்பிடறம்மா?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றாள். டாக்டர் அவசரப்படவில்லை. சில மாத்திரைகளால் ஈறு இப்படி வளரும், எதுவென்று தெரியாமல் நான் கத்தி வைக்க முடியாது என்று மட்டும் சொன்னார். அதன் பிறகுதான் சொன்னாள். சின்ன வயதிலிருந்து வலிப்பு. மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுவதால் மூன்று வருஷமாக ஒரு தடவைகூட வந்ததில்லை. கம்பெனிக்குத் தெரியாது. ரூமில் இருப்பவர்களுக்கும் தெரியாது.

டாக்டர் அதை உள்பக்கத்தில் எழுதினார். கோப்பு என் மேசைக்கு வந்தது. நான் சிவப்புப் பேனாவை எடுத்து அட்டையில் அவள் பெயருக்குக் கீழே எழுதினேன்: வலிப்பு.

அடுத்த ஞாயிறு அவளுக்கு மறுபடி வர வேண்டிய நாள். காலையிலேயே எல்லாருடைய கோப்பையும் எடுத்து அடுக்கி வைத்திருந்தேன். அவள் வருவதற்கு முன் தயாளன் என்பவர் பல்வலி என்று வந்து எதிரே உட்கார்ந்தார். அவர் அவளுடைய லைன் சூப்பர்வைசர். எனக்கு அது தெரியாது. அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தார், வைத்தியம் பார்த்துக்கொண்டார், போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமை காலை போன் வந்தது.

"சார், நான் தயாளன். ஞாயித்துக்கெழம வந்தேனே. உங்ககிட்ட முத்துச்செல்வின்னு ஒரு பொண்ணு வருதில்ல, அது என் லைன்ல கீது. அதுக்கு ஃபிட்ஸ் கீதா, இல்லியா? அத்த மட்டும் சொல்லுங்க."

"நாங்க யாரப் பத்தியும் யாருக்கும் சொல்றதில்லைங்க" என்றேன், வழக்கம்போல.

"இன்னா சார் சொல்றதில்ல? உங்க ஃபைல் மேலயே செவப்புல கொட்ட எழுத்துல எழுதிக்கீது. நான் என் கண்ணால படிச்சேன். அது மெஷின் மேல வுழுந்துச்சுன்னா என் தலதான் உருளும். ஹெச்.ஆர்.ல சொல்றதுக்கு முன்னாடி கன்பார்ம் பண்ணிக்கலாம்னுதான் கேக்கறேன். இல்லன்னு ஒரு வார்த்த சொல்லுங்க, நான் இத்தோட வுட்டுடறேன்."

டாக்டரைக் கேட்டுச் சொல்வதாகச் சொல்லி வைத்தேன்.

உள்ளதைச் சொல்கிறேன். முதலில் எனக்குத் தோன்றியது, அந்த அட்டையைக் கிழித்துப் புதிது போட்டுவிடலாம் என்பதுதான். தயாளனுக்கு எப்படித் தெரிந்தது என்று டாக்டருக்குத் தெரிய வேண்டியதில்லை. அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தேன். பிறகு அதையே எடுத்துக்கொண்டு உள்ளே போய் அவர் முன்னால் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

டாக்டர் எழுந்து போய்க் கை கழுவினார். அன்று அவர் கையில் அழுக்கே இல்லை. கழுவிக்கொண்டே இருந்தார்.

"டாக்டர், இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. அந்தப் பொண்ணு வேலை பொழைச்சுக்கும்" என்றேன்.

"எனக்கும் அதான் சார் தோணுது" என்றார். துண்டால் கையைத் துடைத்தார். "இன்னைக்கு இந்தப் பொண்ணுக்கு இல்லைன்னு சொல்லிடலாம். நாளைக்கு இன்னொருத்தரைப் பத்திக் கேட்பாங்க. அப்ப நாம சொல்றதில்லைன்னு சொன்னா, ஓஹோ, அவருக்கு இருக்குன்னு அர்த்தம் ஆயிடும். எல்லாருக்கும் ஒரே பதில் இருந்தாதான் அது பதில். அதோட நான் பொய் சொல்லி, நாளைக்கு அவளுக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

"அப்ப என்னதான் பண்றது டாக்டர்?"

"அவங்க கேக்கறதுக்கு முன்னாடி, நாம போய் அவகிட்ட சொல்லணும். இன்னைக்கே."

தயாளனுக்கு நான் எப்போதும் சொல்லும் அதே பதிலையே சொல்லச் சொன்னார். முத்துச்செல்விக்கு உடனே போன் செய்ய வழியில்லை. அந்தக் கம்பெனியில் போனை வாசலிலேயே வாங்கி லாக்கரில் வைத்துவிடுவார்கள். முதல் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ் அவர்களைக் கொண்டுவந்து இறக்கும் இடம் எனக்குத் தெரியும். மத்தியானம் வரவிருந்தவர்களுக்கெல்லாம் வேறு நாள் கொடுத்துவிட்டு, டாக்டரின் காரில் போனோம். பஸ் நிறுத்தத்தில் அவர் காரை நிறுத்தவில்லை. "டாக்டரே தேடி வந்திருக்காங்கன்னு கூட வர்ற பிள்ளைங்க பார்த்தா அதுவே ஒரு சேதி ஆயிடும்" என்று தள்ளியிருந்த ஒரு பேக்கரிக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். எனக்கோ பதற்றத்தில் அந்த யோசனையே வரவில்லை.

பஸ் வந்தது. ஒரே நிறச் சட்டையில் நாற்பது பெண்கள் இறங்கினார்கள். அவள் சிரித்துப் பேசிக்கொண்டுதான் இறங்கினாள். அதைப் பார்த்ததும் இன்னும் அவள் காதுக்குப் போகவில்லை என்று தெரிந்தது. தோழிகள் பிரிந்து போகும் வரை பொறுத்திருந்து போன் செய்தேன்.

பேக்கரியில் டாக்டர் அவளுக்கு டீ சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "நடந்தது நடந்தபடி நீங்களே சொல்லுங்க சார்" என்றார். அது தண்டனை என்று அப்போது நினைத்தேன். இல்லை, என் தவறை என்னிடமிருந்து பிடுங்கிக்கொள்ளாமல் விட்டார். சொன்னேன். கம்பெனிப் பழக்கம், நெரிசல் என்றெல்லாம் ஆரம்பித்தேன். டாக்டர் என் கையை லேசாகத் தொட்டார். அதையெல்லாம் விட்டுவிட்டு, நான் எழுதினேன், தயாளன் படித்தார், தப்பு என்னுடையது என்று முடித்தேன்.

"இல்ல, கிளினிக் என்னோடது. சார் எழுதினதைப் பார்க்காம விட்டது நான்" என்றார் டாக்டர்.

முத்துச்செல்வி டீயைத் தொடவில்லை. "யார் யாருக்கெல்லாம் தெரியும் அண்ணாச்சி?" என்று கேட்டாள்.

"எனக்கு, டாக்டருக்கு, தயாளனுக்கு. அவர் யார்கிட்ட சொன்னாருன்னு எனக்குத் தெரியாதும்மா."

"நாலு வருசமா மாத்திரைய விட்டமின் டப்பாவுக்குள்ள போட்டு வச்சிருக்கேன் அண்ணாச்சி. ரூம்ல எவளும் எடுத்துரக்கூடாதேன்னு தூங்கும்போதுகூட தலைமாட்டுலதான் வைப்பேன். நீங்க மேசை மேல எழுதி வச்சிருக்கீயளே."

அந்த அட்டையை எடுத்துவிட்டோம், எல்லா அட்டையையும் மாற்றப் போகிறோம் என்றேன். "அத எடுத்துட்டா அந்தாளு படிச்சது போயிருமா?" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்குத் தேவலாம் போலிருந்தது.

டாக்டர்தான் மேற்கொண்டு பேசினார். "நாளைக்கு உன்னைக் கூப்பிட்டுக் கேட்பாங்க. சொல்றதும் சொல்லாததும் உன் இஷ்டம். நீ சொல்லாம நான் யார்கிட்டயும் ஒரு வார்த்தை பேச மாட்டேன். ஆனா இல்லைன்னு பொய் சொல்லி மாட்டிக்கிட்டா, அவங்க அந்தப் பொய்யைக் காட்டியே அனுப்பிடுவாங்க. உனக்கு மாத்திரை எழுதித் தர்ற டாக்டர் யாரு?"

சென்னையில் ஒரு பெரிய அரசு ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் லீவ் சொல்லிவிட்டு விடியற்காலை ரயிலில் அங்கே போனாள். மூன்று வருஷமாக வலிப்பு வரவில்லை, உட்கார்ந்து செய்யும் வேலைக்குத் தடையில்லை, இரவு ஷிப்ட் மட்டும் வேண்டாம் என்று எழுதி வாங்கிக்கொண்டாள். அதற்கு மறுநாள் ஹெச்.ஆரில் கூப்பிட்டுக் கேட்டபோது பையிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்து வைத்தாள். கம்பெனி டாக்டரிடம் நீங்கள் பேசுங்கள் என்று எங்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டாள். டாக்டர் அதற்கும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கினார்: யாரிடம் பேசலாம், எதைப் பற்றி மட்டும் பேசலாம் என்று. ஈறு வீக்கத்தைப் பற்றியும் அந்த மாத்திரையைப் பற்றியும் கேட்டதற்குப் பதில் சொன்னார். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

இரண்டு வாரம் அவளை வீட்டில் இருக்கச் சொன்னார்கள். பிறகு உட்கார்ந்து பாகங்களைச் சோதிக்கும் பிரிவில் வேலை கொடுத்தார்கள். வேலை தப்பித்தது. மற்றது தப்பவில்லை. சேதி ரூம் வரைக்கும் போய், இரண்டு பெண்கள் பயமாக இருக்கிறது என்று சொன்னதால், அவள் வேறு ரூம் பார்த்துக்கொண்டு சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் போய்விட்டாள். ஊரில் அவள் அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னவர்களும் உண்டு. எங்களிடம் வருவதையும் நிறுத்திவிட்டாள். பாதி வைத்தியத்தில் விட்டுப் போனாள்.

அந்த வாரமே கிளினிக்கை மூடிவிட்டு டாக்டரும் உதவிக்கு இருந்த பெண்ணும் நானுமாக மூன்று பேரும் உட்கார்ந்து எல்லா அட்டைகளையும் மாற்றினோம். மேலே எண் மட்டும். அடுக்கு என் மேசையிலிருந்து முதுகுப் பக்கத்து அலமாரிக்குப் போய்ப் பூட்டுக்குள் இருந்தது. நான் வேலையை விட்டுப் போகிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். டாக்டர் அதைப் படித்துவிட்டு மடித்து என்னிடமே கொடுத்தார். "இனிமே இந்த மேசையில உங்களைவிட ஜாக்கிரதையா யாரும் உட்கார மாட்டாங்க சார். உங்களை அனுப்பிட்டு, இந்தத் தப்பைப் பண்ணாத ஒருத்தரை வச்சு நான் என்ன பண்றது?" என்றார். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த பெரிய மரியாதை அதுதான். கம்பெனியில் கொடுத்த கேடயமெல்லாம் பரணில் கிடக்கிறது.

தயாளனும் கெட்டவரில்லை. பல்லுக்கு வேர் சிகிச்சை செய்துகொள்ள மறுபடி வந்தார். மேசை காலியாக இருப்பதைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, "சார், எனக்கு சுகர் கீதுன்னு உள்ள சொல்லிக்கீறேன். கம்பெனிக்குத் தெரிய வேணாம் சார், ஃபோர்க்லிஃப்ட் லைசென்ஸ் விஷயம் ஒண்ணு கீது" என்றார். எனக்குக் கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது. "நாங்க யாரப் பத்தியும் யாருக்கும் சொல்றதில்லைங்க" என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

வெப்சைட் வந்தது இதற்குச் சில மாதம் கழித்து. அதைச் செய்து கொடுத்தவர்கள் முன்பதிவுக்கென்று ஒரு படிவம் போட்டிருந்தார்கள். பெயர், வயது, கம்பெனி, ஊழியர் எண், ஷிப்ட், என்ன நோய், என்ன மாத்திரை, பல்லின் போட்டோ என்று பதினாலு கட்டம். பழைய கோதண்டமாக இருந்தால் இன்னும் நாலு கேட்டிருப்பேன். டாக்டர் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரே கேள்வி கேட்டார்: "இது தெரியாம ஒருத்தருக்கு நேரம் குடுக்க முடியாதா?" முடியும், முடியும் என்று ஒவ்வொன்றாக அடித்தோம். பெயர், போன் எண், வசதியான நேரம் மூன்றும்தான் மிஞ்சின. நோயைப் பற்றியதெல்லாம் நேரில், கதவைச் சாத்திக்கொண்டு. வைத்தியத்துக்கு முன், வைத்தியத்துக்குப் பின் என்று வாய்களின் படம் போட்டிருந்தார்கள். அதையும் எடுக்கச் சொன்னார். பார்த்துவிட்டுப் போகிறவர்களின் போனுக்கு விளம்பரம் அனுப்ப ஏதோ ஒன்று சேர்த்திருக்கிறோம், கூட்டம் கூடும் என்றார்கள். ஈறு வீக்கம் என்று எங்கள் பக்கத்தில் படித்த பிள்ளையின் போனில், ரூமில் பக்கத்தில் இருப்பவள் பார்க்க, பல் டாக்டர் விளம்பரம் வந்து நிற்க வேண்டுமா? அதுவும் வேண்டாம் என்றோம்.

தனியுரிமை அறிவிப்பு என்று ஒரு பக்கம் வேண்டுமாம். எங்கிருந்தோ எடுத்த இங்கிலீஷில் நீளமாக ஒன்று வைத்திருந்தார்கள். டாக்டர் அதை என்னிடம் கொடுத்து, "ஷிப்ட் முடிஞ்சு பஸ்ல வர்ற ஒரு பொண்ணு படிச்சுப் புரிஞ்சுக்கற மாதிரி தமிழ்ல எழுதுங்க சார்" என்றார். இரண்டு நாள் எழுதி எழுதி அடித்தேன். என்ன வாங்குகிறோம், எதற்கு வாங்குகிறோம், யார் பார்ப்பார்கள், எத்தனை நாள் வைத்திருப்போம், அழிக்கச் சொன்னால் எதை அழிப்போம், சிகிச்சைக் குறிப்பு போல எதைச் சில வருஷம் வைத்திருந்தே ஆக வேண்டும் என்று எழுதினேன். கடைசியில் அந்த வரியைச் சேர்த்தேன். டாக்டர் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

தீபா, வக்கீல் சொல்வது சட்டப்படி சரியாக இருக்கலாம். தவறு நடந்தால் தெரிவிக்க வேண்டும் என்று இப்போது சட்டமே சொல்கிறது என்றும் கேள்விப்படுகிறேன். ஆனால் கடிதம் அனுப்புவது வேறு, போய்ச் சொல்வது வேறு. நாங்கள் அன்று போகாமல் இருந்திருந்தால், லைனில் எல்லார் முன்னாலும் திடீரென்று கேட்டிருப்பார்கள். அவள் பயத்தில் இல்லை என்று சொல்லியிருப்பாள். கையில் கடிதம் இருந்திருக்காது. ஊருக்கு டிக்கெட் எடுத்திருப்பாள். நாங்கள் செய்த கெடுதலைத் திருப்பி எடுக்க முடியவில்லை, அவளுக்கு ஒருநாள் அவகாசம் மட்டும் வாங்கித் தர முடிந்தது. அந்த ஒருநாளால்தான் அவள் வேலை தப்பித்தது.

இன்னும் ஒன்று சொல்லிவிடுகிறேன்.

வெப்சைட் வந்து ஏழெட்டு மாதம் இருக்கும். ஒருநாள் முன்பதிவில் அவள் பெயர் வந்தது. அதே பெயரில் வேறு யாராவதாக இருக்கும் என்றுதான் நினைத்தேன். குறித்த நேரத்தில் அவளே மாடிப்படி ஏறி வந்தாள். ஈறு மறுபடி வளர்ந்திருந்தது, வெட்டித்தான் ஆக வேண்டும். இடையில் வைத்தியம் விட்டுப்போனவர்களிடம் நோய் விவரத்தைப் புதிதாக வாங்குவது எங்கள் வழக்கம். அதற்கான தாளையும் பேனாவையும் எடுத்து அவளிடம் நீட்டினேன். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

"இதை நீயே எழுதி, மடிச்சு, உள்ள டாக்டர் கையிலயே குடுத்துடும்மா. நான் பார்க்க மாட்டேன்" என்றேன்.

அவள் தாளை வாங்கிப் பார்த்தாள். பெயர், வயது எல்லாம் எழுதினாள். அழகான கையெழுத்து. நோய் என்ற இடத்துக்கு வந்ததும் பேனாவை நிறுத்தினாள். அவள் அதை வெறுமையாக விட்டுக் கொடுத்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன். யாருக்கு அந்த உரிமை இருக்கிறது?

சுற்றிலும் பார்த்தாள். காத்திருப்பவர்கள் யாரும் இல்லை. எழுந்து வந்து என் மேசைக்கு இந்தப் பக்கம், என் நாற்காலிக்கு அருகில் நின்றாள். தாளை என் முன்னால் வைத்தாள்.

"நான் சொல்லுதேன் அண்ணாச்சி. நீங்களே எழுதுங்க" என்றாள்.

மாத்திரையின் பெயரை ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னாள். நான் எழுதி முடிக்கும் வரை பக்கத்திலேயே நின்றாள்.